கொத்து இல்லாத முந்திரிக்கொத்து

பாளையங்கோட்டையில் ஒரு பலகாரக் கடை. பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன். டிசம்பர் பிறந்ததும் 'கிறிஸ்மஸ் பெட்டி' என்று ஒன்று போடுகிறார்கள். ஒரு கிலோ 680 ரூபாய். உள்ளே அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, கை முறுக்கு, பிளம் கேக் ஒரு துண்டு. பெட்டி மேலே பனியில் மான் வண்டி ஓட்டும் கிறிஸ்மஸ் தாத்தா. நம் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கிறதுதான். சரி, போகட்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அச்சு முறுக்கு பிரமாதம். தேங்காய்ப்பால் மணக்கிறது, இதழ் இதழாக உடைகிறது, விரலில் எண்ணெய் ஒட்டவில்லை. அச்சை எண்ணெயிலேயே காயவைத்து, மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். முழுக்க முக்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு கழலவே கழலாது. இதனாலேயே ஆச்சி என்னை அடுப்புப் பக்கம் விடமாட்டாள். கடையில் யாரோ கைபழகிய ஆள் இருக்கிறார்.

கை முறுக்கு சுமார். கேக்கில் பழம் கம்மி, எசென்ஸ் ஜாஸ்தி.

வழக்கு முந்திரிக்கொத்தில்தான். இதில் முந்திரி கிடையாது என்று கேட்டு வெளியூர்க்காரர்கள் வாய்பிளப்பார்கள். பாசிப்பயறை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகு, தேங்காய், எள், சுக்கு சேர்த்து உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரிப்பது. பெட்டியில் பத்து உருண்டை இருந்தன, பத்தும் தனித்தனி! "ஏட்டி, மூணும் ஒட்டுனாத்தான் கொத்து. ஒத்தையா கெடந்தா அது சுசியம்" என்பாள் ஆச்சி. கடையில் கேட்டேன். "பெட்டியில அடுக்க இதாம்மா தோது" என்றார். அதைக்கூட மன்னிக்கலாம். கடித்தால் வெல்லம் இனிக்கிறது, பெட்டியில் 'கருப்பட்டி' என்று அச்சடித்திருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, இந்த விலைக்கு அது கட்டுப்படியாகாதுதான். அப்படியென்றால் வெல்லம் என்றே போட்டிருக்கலாமே.

தின்றுகொண்டிருக்கும்போது 1987 கிறிஸ்மஸ் ஞாபகம் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயசு. டிசம்பர் 24 விடியுமுன்னே எம்.ஜி.ஆர். இறந்துவிட்டார். ரேடியோவைத் திருகினால் சோக இசைதான். ஒரு கடை திறக்கவில்லை. வருஷா வருஷம் கேக் மாவைக் கலக்கித் தகரத் தட்டில் ஊற்றி பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவோம். அன்று பேக்கரியும் அடைப்பு. கலக்கின மாவை என்ன செய்ய? அம்மா இட்லிச் சட்டியில் வைத்து அவித்துவிட்டாள். அப்படி ஒரு கேக்கை அதற்கப்புறம் நான் தின்றதில்லை, தின்னவும் ஆசையில்லை.

ராத்திரி கேரல் குழு டோலக் இல்லாமல் பெட்ரோமாக்ஸ் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தது. கிறிஸ்மஸ் தாத்தா முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அது எங்கள் தெரு டீக்கடை அண்ணன் என்று அன்றைக்குத்தான் தெரியும் எனக்கு. அப்பா எம்.ஜி.ஆர். ரசிகர். ரேனியஸ் பாதிரியார் காலத்தில் 1826-இல் எழும்பின ஊசிக்கோபுரம் சர்ச்சுக்கு அதிகாலை ஆராதனைக்கு எல்லாரும் புதுத்துணியில் போக, அப்பா மட்டும் பழைய வேட்டி சட்டையில் வந்தார்.

ஆனால் வீட்டில் முந்திரிக்கொத்து இரண்டு டின் நிறைய இருந்தது. போன வாரமே சுட்டது. தட்டில் வைத்துத் துணி மூடி, எதிர்வீட்டு அத்தையிடம் கொண்டுபோனேன். அழுது வீங்கின கண்ணோடு ஒரு கொத்தை எடுத்துப் பிய்த்து, ஒன்றை என் வாயில் திணித்துவிட்டு மற்ற இரண்டையும் அவள் தின்றாள். வெறுந்தட்டாகத் தரக் கூடாதென்று ஒரு கை சீனி அள்ளிப் போட்டுக் கொடுத்தாள்.

பெட்டி வாங்காதீர்கள். அச்சு முறுக்கு தனியாகவும் நிறுத்துத் தருகிறார்கள், கால் கிலோ 150 ரூபாய், அதை வாங்குங்கள். 20-ஆம் தேதிக்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது. நான் பாசிப்பயறு வறுத்து வைத்திருக்கிறேன். சுட்டதும் ஒரு கொத்தைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுவதாக இருக்கிறேன்.