சைட்டா, டிசைன் ஆபீஸா, பிம்மா? சென்னையில் சிவில் படித்தவரின் சம்பளக் கணக்கு

பி.இ. சிவில் முடித்து வெளியே வரும் ஜூனியர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, எங்கே சேர்ந்தால் சம்பளம் அதிகம்?" என்பதுதான். சென்னையில் பெரும்பாலும் மூன்று வழி. கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியர், கட்டடத்தின் உறுதியைக் கணக்கிட்டுத் தரும் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்டிடம் டிசைன் இன்ஜினியர், வெளிநாட்டுக் கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலும் டீடெய்லிங்கும் (கம்பி, இணைப்பு விவர வரைபடங்கள்) செய்து தரும் பிம் (BIM) கம்பெனி. நான் சைட்டில் ஆரம்பித்து டிசைன் ஆபீசுக்கு மாறியவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அரசு வேலையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. டிஎன்பிஎஸ்சி எழுதி உதவிப் பொறியாளர் ஆனால் அடிப்படைச் சம்பளமே 37,700 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. கிடைத்தால் யோசிக்காமல் போய்விடுங்கள். கிடைக்காத பெரும்பான்மைக்குத்தான் இந்த அலசல்.

ஆரம்பச் சம்பளத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நான் பார்த்தவரை 15,000-க்கும் 25,000-க்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். பெரிய கம்பெனி கேம்பஸில் எடுத்தால் கொஞ்சம் கூடும். ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கும் சிடிசி (கம்பெனி நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு) வேறு, கையில் வருவது வேறு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சைட்டில் மாசக் கடைசியில் மிச்சம் அதிகம். தங்க இடம் தருவார்கள், மெஸ் இருக்கும், வெளியூர் என்றால் அலவன்ஸும் உண்டு. மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களாகத் தோண்டிக்கொண்டிருப்பதால் ஆள் தேவைக்கும் குறைவில்லை. ஆனால் அந்தச் சம்பளத்தை வேலை பார்த்த மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள். கனரக வண்டிகளுக்குப் பகலில் நகருக்குள் நேரக் கட்டுப்பாடு இருப்பதால் பெரிய ஸ்லாப் என்றால் கான்கிரீட் ராத்திரியில்தான். ஒன்பது மணிக்கு முதல் வண்டி வரும் என்பார்கள், பதினொன்றுக்கு வரும். ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கம்) பார்த்து, வலிமைச் சோதனைக்கு க்யூப் எடுத்து, நடுவில் பம்ப் லைன் அடைத்துக்கொண்டால் பைப்பைக் கழற்றித் தட்டி, ஒரு வழியாக முடிக்கும்போது விடிந்திருக்கும். காலை மீட்டிங்குக்கு மறுபடி ஆஜர். லேபருக்கு ஓவர்டைம் உண்டு, நமக்குக் கிடையாது. இதை ரசித்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் ஆகும்போது வாங்கும் சம்பளம் எங்கள் ஆபீசில் யாருக்கும் கிடையாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அறைத் தோழன் வழியாகத்தான். ஓஎம்ஆரில் ஏசி ஆபீஸ், ரெவிட், டெக்லா என்ற மாடல் சாஃப்ட்வேர்கள், அமெரிக்க கிளையன்ட் என்றால் மாலை ஷிப்ட். முதல் ஐந்தாறு வருஷம் சம்பளம் அங்கேதான் வேகமாக ஏறுகிறது. அவன் கிட்டத்தட்ட என்னைப்போல ஒன்றரை மடங்கு வாங்கினான். அதற்குப் பிறகு டீம் லீட் ஆனால் ஏறும், ஆகாவிட்டால் தேங்கும் என்று அவனே சொல்கிறான். வெளிநாட்டில் ஆர்டர் குறைந்தால் இங்கே ஆட்குறைப்பு என்ற பயமும் உண்டு. நான் உள்ளே இருந்து பார்த்ததில்லை, ஆகவே இதற்கு மேல் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஆர்க்கிடெக்ட் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களையும் மறக்கவில்லை. ஐந்து வருஷம் பி.ஆர்க். படித்துவிட்டு, நான்கு வருஷம் படித்த எங்களுக்குச் சமமாகவோ அதற்கும் குறைவாகவோ ஆரம்பிக்கிறார்கள். ஆழ்வார்பேட்டை, அடையாறு பக்கம் பாதி ஸ்டுடியோக்கள் பத்துப் பேர்கூட இல்லாத ஆபீஸ்கள். பெயருள்ளவரிடம் வேலை கற்றுக்கொள்வதே சம்பளத்தில் பாதி என்ற நினைப்பு அங்கே இன்னும் போகவில்லை. ஆனால் ஒன்று, 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்துவிட்டால் தனியாகக் கடை போடலாம். அந்தப் பதிவுதான் அவர்களுடைய சொத்து.

எங்கள் பக்கத்திலும் விஷயம் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் வந்தன. அதன்படி பிளான் அனுமதிக்குப் போகும் கட்டடத்துக்குப் பதிவு பெற்றவர்கள் கையெழுத்து வேண்டும். 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். அங்கே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்து இல்லாமல் ஃபைல் நகராது. அந்தப் பதிவுக்கு டிசைன் அனுபவம் கேட்பார்கள். பத்து வருஷம் ராத்திரி கான்கிரீட் போட்டதோ, டெக்சாஸ் ஆஸ்பத்திரிக்குக் கம்பி டீடெய்லிங் செய்ததோ அதில் எவ்வளவு எடுபடும் என்பது சந்தேகம். டிசைன் ஆபீசில் குறைந்த சம்பளத்துக்கு உட்கார்ந்து, சென்னைக்கு நில அதிர்வு மண்டலம் 3, காற்று நொடிக்கு 50 மீட்டர் என்று ஈடேப்ஸ் என்ற டிசைன் சாஃப்ட்வேரில் போட்டு, சீனியர் சிவப்புப் பேனாவால் சுழித்த தூண் அட்டவணையைத் திரும்பத் திரும்பத் திருத்திய காலமெல்லாம் இங்கேதான் எண்ணிக்கையில் வருகிறது. என் சம்பளம் தோழன் சம்பளத்தை எட்டியது, நான் பதிவு வாங்கிய பிறகு வந்த அப்ரைசலில்தான். அது வரைக்கும் அவன்தான் வாடகையில் அதிகப் பங்கு கொடுத்தான்.

அந்தக் கையெழுத்துக்கு ஏன் தனி விலை என்றால், தப்பு நடந்தால் முதலில் தேடி வருவது அந்தப் பெயரைத்தான். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, கட்டியவர்களோடு பொறியாளர்களும் கைதானார்கள். எனவே மண் பரிசோதனை அறிக்கைகூட இல்லாமல், "சார், ஒரு கையெழுத்துதானே, தந்ததை வாங்கிக்கோங்க" என்று வரும் பில்டரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். வேலை பார்க்கும் ஆபீசுக்குத் தெரியாமல் வெளியில் கையெழுத்து போடுவதும் வம்புதான். பல ஆபீஸ்களின் ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருக்கிறது.

வீட்டில் கல்விக் கடன் தவணை நிற்கிறது, உடனே பணம் வேண்டும் என்றால் பிம்முக்குப் போங்கள், அதில் தப்பே இல்லை. இரண்டு மூன்று வருஷம் இறுக்கிப் பிடிக்க முடியும் என்றால் டிசைன் ஆபீஸ். சேரும் முன்பே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அனுபவச் சான்றிதழில் "ஸ்ட்ரக்சுரல் டிசைன்" என்று எழுதித் தருவார்களா, வெறும் "இன்ஜினியர்" என்று முடித்துவிடுவார்களா? கூடவே, எந்தெந்தக் கட்டடத்தில் வேலை செய்தீர்கள், எத்தனை மாடி என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பட்டியல் தேவைப்படும், பழைய ஆபீஸில் அதற்குள் உங்களைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.