காட்டுத்தீயைக் காட்டும் வரைபடம்: நாசாவின் ஃபிர்ம்ஸ் சேவை, ஒரு மதிப்பீடு

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் நாசாவின் நிதியுதவியோடு உருவாகி, இப்போது நாசாவே நேரடியாக நடத்திவரும் ஃபிர்ம்ஸ், உலகின் எந்த மூலையில் தீ எரிந்தாலும் செயற்கைக்கோள் அதைக் கண்ட சுமார் மூன்று மணி நேரத்துக்குள் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டிவிடும் இணையச் சேவை. கட்டணம் கிடையாது. வரைபடத்தைப் பார்ப்பதற்குப் பதிவு செய்யவும் வேண்டியதில்லை. பிப்ரவரி முதல் மே வரையிலான கோடை மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியைத் திறந்து பார்ப்பவருக்கு, எந்தச் சரிவில் எப்போது புகைந்தது என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தப் புள்ளியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகிய மூன்று செயற்கைக்கோள்களிலும் உள்ள வியர்ஸ் என்னும் கருவி, நிலப்பரப்பை ஏறத்தாழ 375 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து வெப்பத்தை அளக்கிறது. திரையில் நாம் காணும் புள்ளி அந்தக் கட்டத்தின் நடுப்பகுதியே தவிர, தீ எரியும் இடமன்று. சமவெளியில் இது பெரிய பிழையாகத் தோன்றாது. மலையிலோ, 375 மீட்டர் என்பது ஒரு முகட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வியாகிவிடும். பத்துப் புள்ளிகள் இருந்தால் பத்து இடங்களில் தீ என்று எண்ணிவிடவும் கூடாது, ஏனெனில் நீளமாகப் பரவும் ஒரே தீ பல கட்டங்களைத் தொடும். செங்கல் சூளையும் வயலில் கொளுத்தப்படும் தாளடியும்கூட இதே நிறத்தில் ஒளிரக்கூடும். குறிப்பிடப்படும் நேரம் கிரீன்விச் கணக்கில் இருப்பதால், நம்மவர்கள் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்; முதன்முறை பயன்படுத்துபவர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இச்சேவையின் உண்மையான குறை வேறொன்று. இந்த மூன்று செயற்கைக்கோள்களும் நம் தலைக்கு மேலே பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் இரவு ஒன்றரை மணியை ஒட்டியுமே கடக்கின்றன. ஒரே தடத்துப் பேருந்துகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோய்விட, அடுத்ததற்கு அரைநாள் காத்திருக்கும் பயணியின் நிலைதான் அந்த இடைவெளியில் நமக்கும். காற்று வலுக்கும் பிற்பகலில் காய்ந்த புல் பற்றிக்கொண்டால், அதை இவை நள்ளிரவுக்குப் பின்னரே காணும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைத் தீ சூழ்ந்ததும் ஒரு பிற்பகலில்தான். அப்படிப்பட்ட தீயின் முன்னே இந்த வரைபடத்தை அபாயமணியாக நம்புவது தவறு. மேகமும் அடர்ந்த மரக்கவிகையும் மறைத்தால், தரையோடு ஊர்ந்து சருகை எரிக்கும் சிறு தீ கண்ணில் படாமலே போகலாம்.

பழைய பதிவுகளைத் தேடுவோருக்கு இதற்கு நிகரான கருவியை நான் கண்டதில்லை. 2019 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பந்திப்பூர் புலிகள் காப்பகம் எரிந்த நாள்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து பார்த்தால், புள்ளிகள் நாளுக்கு நாள் நகர்ந்த திசை தெளிவாகப் புரிகிறது. அடுத்த ஆண்டுக்கான தீத்தடுப்புக் கோடுகளை (தீ தாண்டாதபடி செடிகொடி, சருகு அகற்றிய பட்டைகளை) எங்கே வெட்டலாம் என்று திட்டமிடுவோருக்கு இது பயன்படும்.

2025 மார்ச்சில் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்ட ஃபயர்சாட் திட்டம், ஐம்பதுக்கும் மேற்பட்ட செயற்கைக்கோள்களைக் கொண்டு, 5 மீட்டர் நீள அகலமுள்ள தீயைக்கூட 20 நிமிடங்களுக்கு ஒருமுறை தேடிப் பார்க்கும் இலக்கைக் கொண்டது. அது நிறைவேறினால் மேலே சொன்ன குறைகளில் பாதி தீர்ந்துவிடும்.

களத்தில் பச்சைக் கிளையால் தீயை அடித்து அணைக்கும் வனக்காவலருக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் முதலில் உதவுவதில்லை. எந்தச் சரகம், அதற்குள் எந்த பீட் (ஒரு காவலரின் ரோந்துப் பகுதி) என்பதே அவருக்கு வேண்டும். இந்திய வன அளவை நிறுவனம் இதே செயற்கைக்கோள் தரவுகளை எடுத்து, காட்டுக்கு வெளியே உள்ளவற்றைக் கழித்து, பதிவு செய்துகொண்டவர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. மலையடிவார ஊர்களில் இருப்போர் முதலில் அதில் பதிந்துகொண்டு, ஃபிர்ம்ஸை விரிவாகப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்வதே சரியாக இருக்கும்.