மொய் விருந்தும் 94 மதிப்பெண்ணும்: நான்கு வருட அனுபவம்

ஒரு வங்கியின் சென்னை அலுவலகத்தில், கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைக் கண்காணிக்கும் பிரிவில் வேலை. சந்தேகமான நடமாட்டத்துக்கு அலர்ட் தரும் மென்பொருள்தான் நாள் முழுக்க என் முகத்துக்கு முன்னால் இருக்கும். இப்போதிருப்பது செயற்கை நுண்ணறிவு வகை. வந்து நான்கு வருடம். பெயர் வேண்டாம். வாடிக்கையாளர் விவரங்களையும் மாற்றியே எழுதுகிறேன்.

முன்பிருந்தது வெறும் விதிகள். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கட்டினால் பான் எண் கேட்பார்கள் என்று 49,000, 49,500 எனப் பிரித்துக் கட்டுவது பழைய தந்திரம். அதைப் பிடிக்க ஒரு விதி போட்டால் பெட்ரோல் பங்க், காய்கறி மண்டி, ஜவுளிக்கடை எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். மாதம் 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் புழங்கிய கணக்குகளை மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பும் ரொக்கப் பரிவர்த்தனை அறிக்கையான சிடிஆருக்கு அது போதும், வெறும் கூட்டல் கணக்குதானே. சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கையான எஸ்டிஆர் அப்படியல்ல. ஏன் சந்தேகம் என்று எழுத வேண்டும்.

புதியது ஒவ்வொரு கணக்கையும் அதன் பழைய நடத்தையோடு ஒப்பிட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடும்; மதிப்பெண் ஏற ஏறச் சந்தேகம் அதிகம். வந்த முதல் ஆடியிலேயே பேராவூரணிப் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருவருக்கு 94 போட்டது. வருடம் முழுக்க சில ஆயிரம் புரண்ட கணக்கில் ஒரே வாரத்தில் 18 லட்சம். ரொக்கம் போக, ஒரே மதியத்தில் இருநூறு பேர் யுபிஐயில் அனுப்பியிருந்தார்கள். பத்து நாளில் கணக்கு காலி. பயிற்சி வகுப்பில் காட்டும் படம் போலவே இருந்தது. கிளை மேலாளருக்கு போன் போட்டேன்.

"மொய் விருந்து சார் அது. எனக்கும் பத்திரிகை வந்துச்சு, நானும் ஐநூறு எழுதிட்டு வந்தேன்."

ஆடியில் விருந்து வைத்து ஊரிடம் மொய் வாங்கும் அந்தப் பக்கத்து வழக்கம். மொய் நோட்டின் நகலை வாங்கி ஒப்பிட்டேன். யுபிஐ பெயர்கள் ஒவ்வொன்றாக நோட்டில் இருந்தன. வெளியே போனது போர்வெல் செலவுக்கும் பழைய கடனுக்கும். அலர்ட்டை மூடினேன். அடுத்த வாரம் அதே பக்கத்திலிருந்து இன்னும் ஆறு!

நாங்கள் எழுதும் முடிவுக் குறிப்புகளை வைத்துத்தான் அது பழகும் என்றார்கள். உண்மைதான், இரண்டாம் வருடம் மொய் அலர்ட்டுகள் பாதியாகக் குறைந்தன. நிம்மதியாக இருந்தோம். மூன்றாம் வருடம்தான் விஷயம் புரிந்தது. அதே வட்டாரம், அதே ஆடி, ஒரு கல்லூரி மாணவரின் கணக்கு, மதிப்பெண் வெறும் 41. கிளையில் கேட்டால் "மொய்யா இருக்கும் சார்". ஆனால் பணம் வந்தது இரவு இரண்டு மணிக்கு, ஊருக்குச் சம்பந்தமே இல்லாத வடமாநிலக் கணக்குகளிலிருந்து. வந்த சில நிமிடங்களில் ஏடிஎம்மில் எடுத்திருக்கிறார்கள். மோசடிப் பணத்தைக் கடத்த அடுத்தவருக்கு வாடகைக்கு விட்ட மியூல் அக்கவுண்ட். ஆடி என்றால் ஆபத்தில்லை என்று அதற்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான்.

காப்பாற்றியதும் அதே மென்பொருளின் இன்னொரு பகுதி. கணக்குகளை இணைத்துக் காட்டும் வரைபடத்தில், அந்த மாணவரின் மொபைல் பேங்கிங் ஓடிய அதே போனில் வேறு மூன்று பேரின் கணக்குகளும் ஓடியது தெரிந்தது. எஸ்டிஆர் போனது. எத்தனை கிளைக்காரர்கள் உட்கார்ந்தாலும் கையால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. இந்த வரைபடத்துக்காக மட்டுமே இதை வாங்கலாம் என்பேன்.

பெயர்ச் சரிபார்ப்பு இன்னும் மோசம். ஐ.நா. தடைப் பட்டியலோடு ஒப்பிடும்போது, இனிஷியலோடு இருக்கும் நம்மூர்ப் பெயர்களில் எது அப்பா பெயர், எது சொந்தப் பெயர் என்று அதற்குப் புரியவே இல்லை. முகமது என்ற பெயரை எத்தனை விதமாக எழுதினாலும் அத்தனைக்கும் அலர்ட். நாகூரில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரை மட்டும் ஏழு முறை விடுவித்திருக்கிறேன். அப்புறம், மதிப்பெண்ணுக்குக் காரணம் கேட்டால் 'பரிவர்த்தனை முறையில் மாற்றம்' என்று ஒரு வரி. அதை எஸ்டிஆரில் எழுதி அனுப்ப முடியுமா? காரணத்தை நான்தான் தோண்ட வேண்டும். அதுவும் வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வராமல், வழக்கமான கேஒய்சி போலக் கேட்டு.

இப்போது எங்கள் பிரிவில் ஒரு ஏற்பாடு: பத்திரிகையும் மொய் நோட்டும் வராமல் எந்த ஆடி அலர்ட்டையும் மூடுவதில்லை. போன வாரம் வந்த நோட்டு 140 பக்கம். பென்சில் எழுத்து, ஸ்கேனில் பாதி தெரியவில்லை. 38-ஆம் பக்கத்தில் இருக்கிறேன்.