பில் ஆப் நல்லாத்தான் இருக்கு, அப்டேட்ல என்ன மாத்துனாகன்னுதான் தெரியல (3 ஸ்டார்)

காரைக்குடியில பலகாரக் கடை வச்சிருக்கேன். சீப்பு சீடை, மனகோலம், முறுக்கு எல்லாம் பாக்கெட் போட்டு விக்கிறது. ஒன்றரை வருசமா இந்த பில்லிங் ஆப்தான், பேரு வேணாம். நெட் இல்லாட்டியும் பில் போடும், ஐட்டம் பேரு தமிழ்லயே பிரிண்ட் வரும், அதுல குறையே இல்ல.

2025 செப்டம்பர் 22லேர்ந்து பாக்கெட் காரத்துக்கு ஜிஎஸ்டி 12லேர்ந்து 5க்கு இறங்குச்சுல்ல, அதுக்கு முந்துன ராத்திரி அப்டேட் வந்துச்சு. என்ன மாத்தம்னு பாத்தா "ஜிஎஸ்டி மாற்றங்கள், சில பிழைத் திருத்தங்கள்". அவ்ளோதான். நான் ஏற்கனவே ஏத்தி வச்ச ஐட்டத்துக்கெல்லாம் அதுவே 5 ஆயிருமா, இல்ல புதுசா சேக்குறதுக்கு மட்டுமா? ஆயிரும்னு நம்பி காலைல கடையத் தொறந்து பில்லாப் போட்டுத் தள்ளிக்கிட்டு இருந்தா, பதினோரு மணிக்கு ஒரு ஆச்சி கண்ணாடிய மாட்டிக்கிட்டு பில்லப் படிச்சுட்டு "ஏப்பா, இன்னையிலேருந்து அஞ்சுதானே, பன்னெண்டு போட்ருக்கே"ன்னு கேட்டாக. மானம் போச்சு. அன்னைக்குப் போட்ட பில்லையெல்லாம் திருத்தி, ஒவ்வொரு ஐட்டமா உள்ள போயி ரேட்ட மாத்தி, மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

கம்ப்ளெயின்ட் பண்ணேன். அடுத்த அப்டேட்டுக்கு, ஆப்பத் தொறந்ததும் ரெண்டு பக்கம் எழுதி வச்சிருக்காக! எஸ்டிகே, கேச்சு, எந்த லைப்ரரிய ஏத்துனாகன்னு ஒரே புராணம், அதுக்கு நடுவுல எங்கயோ ஒரு வரி, பைசா ரவுண்ட் ஆஃப் இனிமே தானா ஆன்ல இருக்கும்னு. யாரு கண்ணுல படும்? ராத்திரி கல்லாவ எண்ணும்போதுதான் தெரிஞ்சுச்சு.

எங்க பக்கம் கல்யாண சாமான் லிஸ்ட்டப் பாத்திருக்கீகளா, எவர்சில்வர் வாளி எத்தனைங்கிறது வரைக்கும் இருக்கும், ஆனா அந்த வாளிய எந்தப் பட்டறையில எப்படி அடிச்சாகன்னு எவனும் எழுத மாட்டான். எனக்கு வேண்டியது என்ன மாறுச்சு, என் பழைய கணக்கு என்னாகும், நான் எதையாச்சும் அமுக்கணுமா, இம்புட்டுதான். இத பிளே ஸ்டோர்லயே போடுங்கன்னு சப்போர்ட்ல கேட்டா, அங்க 500 எழுத்துதான் போட முடியும்ங்கிறாக, இதுக்கு 500 எழுத்து பத்தாதா? மிச்சத்த வேணுங்கிறவுக படிக்க ஆப்புக்குள்ள தனியா வைங்க.

இப்ப ஆட்டோ அப்டேட்ட ஆஃப் பண்ணிட்டேன். கூட்டம் இல்லாத மதியமாப் பாத்து, பேக்கப் எடுத்துட்டுத்தான் அப்டேட்டு, போட்டதும் ஒரு மனகோலம் பாக்கெட்டுக்கு சும்மா பில் போட்டுப் பாத்துக்கிறது.