கார் ஏசி கம்ப்ரஸர் மாற்றப் போகிறீர்களா? டிரையரைக் கண்ணால் பாருங்கள்

ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் ஜாம் ஆகி, மாற்றியே தீர வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போட்ட புதுக் கம்ப்ரஸர் ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. செய்ததாகப் பில்லில் எழுதிவிட்டுச் செய்யாமல் விட்ட வேலைகள்தான் அதைக் கொன்றன.

பழையது போனதில் யார் மேலும் குறை இல்லை. ஓடித் தேய்ந்த பொருள். ஏசி போட்டாலே கரகரவென்று சத்தம், பிறகு ஒரு நாள் கம்ப்ரஸரை பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் பிடித்ததும் பெல்ட் கிறீச்சிட்டு ரப்பர் கருகிய நாற்றம். உள்ளே இறுகிவிட்டது. மாற்றித் தந்தார்கள். பில்லில் கம்ப்ரஸர், டிரையர் (உள்ளே வரும் ஈரத்தை உறிஞ்சுவது), எக்ஸ்பான்ஷன் வால்வு (கேஸை அளவாக உள்ளே விடும் நுண்ணிய வழி), லைன் ஃப்ளஷிங் (குழாய்களைக் கழுவுவது), ஆயில், கேஸ் என்று எல்லாம் வரிசையாக இருந்தன. குளிரும் நன்றாகவே வந்தது.

கொஞ்ச காலத்தில் ஓடும்போது சுமாரான குளிர், நின்றால் வெதுவெதுப்பு என்று ஆனது. திரும்பக் கொண்டுபோனால், "கேஸ் கம்மியா இருக்கும்" என்று ஏற்றி அனுப்பினார்கள், அதற்கும் தனிக் காசு. மூடிய சுற்றில் ஓடுகிற கேஸ், கசிந்தால்தானே குறையும்? எங்கே கசிகிறது என்று யாரும் பார்க்கவில்லை. அப்புறம் அதே கரகர சத்தம். இந்தத் தடவை, "பார்ட்லதான் கோளாறு, விற்றவங்களைக் கேளுங்க" என்றார்கள். விற்றவர்களோ கம்ப்ரஸருக்குள் குப்பை இருக்கிறது, வாரண்டி செல்லாது என்று கைவிரித்தார்கள்.

ஏசி வேலை மட்டுமே பார்க்கிற வேறொரு மெக்கானிக்தான் பிரித்துக் காட்டினார். என் வண்டியில் டிரையர் என்பது கண்டென்ஸரின் (சூடான கேஸை ஆற்றும், ரேடியேட்டர் போன்ற பாகம்) பக்கவாட்டுக் குழாய்க்குள் இருக்கும் ஒரு சின்னப் பை. அடியில் உள்ள மூடியைத் திருகித்தான் மாற்ற முடியும். அந்த மூடியைச் சுற்றிப் பல வருட மண் கெட்டியாக இறுகிக் கிடந்தது. ஒரு ஸ்பேனர் பட்ட தடம்கூட இல்லை. உள்ளே இருந்த பை கன்னங்கரேல் என்று இருந்தது. பில்லில் அது புதுசு! லைனைக் கழற்றினால் ஆயில் சாம்பல் நிறக் குழம்பாக வந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் அலுமினியப் பொடி மின்னியது. எக்ஸ்பான்ஷன் வால்வும் பழையதே, வாயில் அதே பொடி அடைத்திருந்தது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், கம்ப்ரஸர் இறுகும்போது உரசிப் பொடியாகிற உலோகம் கேஸோடு போய் முதலில் கண்டென்ஸரில் சேரும். இப்போது வருகிற கண்டென்ஸர்களில் உள்வழிகள் மிக மிக நுண்ணியவை. ஃப்ளஷ் செய்தாலும் முழுதாக வெளியே வராது. அதனால்தான் கம்ப்ரஸர் இறுகிப்போன வண்டியில் கண்டென்ஸரையும் மாற்றச் சொல்கிறார்கள். கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயிலும் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. வழி அடைத்தால் ஆயில் திரும்பாது, புதுக் கம்ப்ரஸர் வறண்டே ஓடிச் சாகும். டிரையர் விஷயம் வேறு. லைனைத் திறந்ததும் காற்றின் ஈரம் உள்ளே போகும், ஏற்கெனவே நிரம்பிய பழைய பை அதை உறிஞ்சாது. அந்த ஈரம் ஆயிலோடும் கேஸோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும், வால்வில் உறைந்து அடைக்கவும் செய்யும்.

ஆகவே பழைய டிரையர், வால்வு எல்லாவற்றையும் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். கேஸ் ஏற்றும் முன், லைனில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் குறைந்தது அரை மணி நேரமாவது ஓட வேண்டும். பம்பை நிறுத்திய பின் பிரஷர் கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். கேஸின் எடையும் ஆயில் வகையும் பானெட்டுக்குள் இருக்கும் ஸ்டிக்கரிலோ வண்டியின் சர்வீஸ் விவரத்திலோ இருக்கும். கேஸை கிராம் கணக்கில் எடை போட்டு ஏற்ற வேண்டும். கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுவதும், கூடுதலாக ஏற்றுவதும் குளிரைக் கெடுக்கும். மின்சாரக் கம்ப்ரஸர் உள்ள ஹைப்ரிட் வண்டி என்றால் ஆயிலில் இன்னும் கவனம்: சாதாரண கார் ஏசியில் போடும் பிஏஜி (PAG) ஆயில் மின்காப்பைக் கெடுக்கும், பெரும்பாலும் பிஓஈ (POE) என்ற வேறு வகை ஆயில்தான் போடுவார்கள். கசிவை அடைக்கிறேன் என்று லைனுக்குள் ஏதாவது கெமிக்கல் ஊற்ற வந்தால் வேண்டவே வேண்டாம், அதுவும் போய் அடைத்துக்கொள்ளும்.

கிளட்ச் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் கம்ப்ரஸர் போச்சு என்று சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள். கேஸ் குறைந்தால் பிரஷர் சுவிட்சே கிளட்சைத் தடுத்துவிடும். கிளட்சுக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே போயிருக்கலாம், கிளட்சை இழுக்கும் காயில் போயிருக்கலாம். கேஜ் போட்டுப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

இப்போது கண்டென்ஸர், டிரையர், வால்வு, கம்ப்ரஸர் எல்லாம் மறுபடி மாற்றியாகிவிட்டது. ஒரே வேலைக்கு இரண்டு முறை அழுதிருக்கிறேன். பழைய டிரையரும், மண் பிடித்த மூடியின் படமும், பில்லும் பத்திரமாக இருக்கின்றன. முதல் ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, "பையன் மறந்திருப்பான்" என்றார் முதலாளி. வால்வையும் ஃப்ளஷிங்கையும் சேர்த்தா மறந்தான் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நுகர்வோர் புகார் எழுதிவிட்டேன், பணம் ஏதாவது திரும்பினால் வந்து சொல்கிறேன்.