எங்கள் பிரதேச சபையின் குப்பை மெசின், பசளைப் பை, சோலார் விளக்கு: சோற்றுப் பார்சல் விற்பவளின் மதிப்பீடு

காலையில் இடியப்பம், மதியம் சோற்றுப் பார்சல். வீட்டில் சமைத்துக் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். ஊர் மட்டக்களப்பில் எழுவான்கரை; ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. எந்தப் பிரதேச சபை என்று எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அங்கே வேலை செய்கிறவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். சபை சூழலுக்கென்று செய்கிற வேலைகளில் நான் பாவிக்காதது ஒன்றுமில்லை. என் குப்பையை அவர்கள் எடுக்கிறார்கள், அவர்கள் விற்கும் பசளையை நான் வாங்குகிறேன், அவர்கள் போட்ட விளக்கின் வெளிச்சத்தில் விடியுமுன் இடியப்பப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். ஆகவே ஒரு கடையைப் பற்றியோ ஒரு பொருளைப் பற்றியோ எழுதுகிற மாதிரியே இதையும் எழுதலாம் என்று நினைத்தேன்.

பழைய சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதன்பிறகு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. செயலாளர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்தார். அந்தக் காலத்தில் குப்பை மெசின் (குப்பை ஏற்றும் வண்டி) வந்தால் உண்டு, வராவிட்டால் யாரிடம் கேட்பதென்று தெரியாது. புதிய சபை வந்ததும் முதலில் தொட்டது குப்பையைத்தான். அதற்காகவே அவர்களுக்கு என் முதல் நன்றி.

செவ்வாய்க்கிழமை உக்கும் குப்பை, வெள்ளிக்கிழமை உக்காத குப்பை. இவ்வளவுதான் திட்டம். ஆனால் அதை விட்டுக்கொடுக்காமல் நடத்துகிறார்கள். என் குசினியில் ஒரு நாளில் சேருவது கொஞ்சமில்லை: மீன் செதிள், குடல், இறால் கோது, பூசணித் தோல், வெங்காயச் சருகு, பால் பிழிந்த தேங்காய்ப்பூ, மிஞ்சிய சோறு. முந்தி இதெல்லாம் ஒரே பொலித்தீன் பையில் கட்டி, வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் எறியப்பட்டுக் கிடந்ததை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இப்போது மெசினில் வரும் பிள்ளைகள் பையைத் திறந்து பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். அடுத்த வளவு மாமி முதலில் கலந்தே கொண்டுவந்து வைத்தா.

"மாமி, இதுக்குள்ள ஷொப்பிங் பேக் கிடக்கு. நாங்க ஏத்த மாட்டம். பிரிச்சுத் தாங்க, நான் நிக்கிறன்."

"என்ன தம்பி, காசும் கட்டிப்போட்டு நாங்களே பிரிக்கவும் வேணுமா?"

"ஓம் மாமி, பிரிச்சாத்தான் பசளையாகும். கலந்தா குப்பைக் கிடங்குக்குத்தான் போகும்."

அவன் நின்றான். மெசினும் நின்றது. மாமி கடப்படியில் குந்தியிருந்து பிரித்துக் கொடுத்தா. மற்றக் கிழமையிலிருந்து அவவின் வீட்டில் இரண்டு வாளி. காலநிலைக் கொள்கை என்று பெரிய தாளில் எதையெல்லாம் எழுதினாலும் எங்கள் ஒழுங்கைக்கு அது வந்து சேர்ந்தது அந்தப் பிள்ளை பொறுமையாக நின்ற நேரத்தில்தான்.

குப்பைக்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: சோறும் மீன் கழிவும் பொலித்தீனுக்குள் காற்றுப் படாமல் அழுகினால் மெதேன் வாயு வரும். 100 வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மெதேன், கிட்டத்தட்ட 28 கிலோ காபனீரொட்சைட்டு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். அதே கழிவைக் காற்றுப்படப் புரட்டி உக்கவிட்டால் மெதேன் மிகவும் குறைந்துவிடும், கையில் பசளையும் மிஞ்சும். ஒரு சிறிய சபைக்கு அனல் மின்நிலையத்தை மூட அதிகாரமில்லை. குப்பையை எப்படி எடுப்பது என்பது முழுக்க அதன் கையில் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமே அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. பிரிக்காமல் கொட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று யானைகள் செத்த படங்கள் 2022 ஜனவரியில் உலகம் முழுக்கப் போயின. எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் என்று அப்போது செய்தி வந்தது. அந்தப் படத்தை என் மகளுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

குறை இரண்டு. மாரி தொடங்கினால் எங்கள் கிறவல் ஒழுங்கைக்குள் மெசின் இறங்காது. மழைக்காலத்தில்தான் மீன் கழிவு ஒரு நாள்கூட வைத்திருக்க முடியாதது. பெரிய றோட்டுக்குக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறார்கள், வயதானவர்கள் எப்படிக் கொண்டு போவது? ஒரு தள்ளுவண்டி போதும், அந்த இருநூறு முந்நூறு மீற்றர் தூரத்துக்கு. மற்றது, அந்தப் பிள்ளைகளின் கை. கையுறை கொடுத்திருக்கிறார்கள், அது கிழிந்தால் அடுத்தது வரக் காலம் எடுக்கிறது. உடைந்த போத்தலும் மீன் முள்ளும் கிடக்கிற வாளிக்குள் வெறும் கையை விட்டுப் பிரிக்கிறார்கள். என்னிடம் கடைக்காரர் என்று மாதக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தக் காசில் முதலில் கையுறை வாங்குங்கள் என்று கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டிருக்கிறேன். இங்கேயும் எழுதுகிறேன்.

அடுத்தது பசளைப் பை. இதைப் பற்றி ஊரில் சந்தேகம் அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது. 2021இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்த வருடம் நவம்பரிலேயே தடையை எடுத்தும்விட்டார்கள். நடுவில் நின்று அடிபட்டது வாவிக்கு அக்கரையில் இருக்கும் எங்கள் படுவான்கரை வயல்காரர்கள். கறுப்பாக இருந்ததையெல்லாம் சேதனப் பசளை என்று விற்ற காலம் அது. என் தம்பி அந்தப் போகத்தில் பட்ட நட்டத்தை இன்னும் சொல்லிச் சொல்லி ஆறமாட்டான். அவனிடம் சபையின் பையைக் காட்டினால், "அக்கா, உங்கட கத்தரிக்குப் போடுங்க, என்ட வயலுக்கு வேணாம்" என்றுதான் சொல்வான். அவன் சொல்வது சரி. நெல்லுக்கு வேண்டிய தழைச்சத்தை இந்தப் பை மட்டும் கொடுக்காது. வாங்குகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கு இது நல்ல பொருள், மனதாரச் சொல்கிறேன். எங்கள் எழுவான்கரை மண் கடல் மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் பார்த்தால் இருக்காது, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் செடி நின்ற நிலையிலே கருகும். இந்தப் பசளையைக் கலந்த பாத்தியில் ஈரம் அடுத்த நாளும் நிற்கிறது. கத்தரி, வெண்டி, பயற்றங்காய் மூன்றும் அதில்தான் நிற்கின்றன. பார்சலுக்குப் போகும் கத்தரிக்காய்ப் பால்கறியில் பாதி என் வளவுக் காய். 10 கிலோ பை ஒன்று ஒரு தேங்காயின் விலைக்குள் கிடைக்கிறது. கையில் அள்ளினால் மழை பெய்த மண்ணின் மணம், அழுகல் நாற்றம் இல்லை, உதிரியாக இருக்கிறது. அந்த அளவுக்குச் சரியாக உக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

குறை என்னவென்றால் அரிப்பது போதாது. ஒரு பையில் உடைந்த கண்ணாடித் துண்டு, இன்னொன்றில் ஷாம்பு பக்கெட்டின் கிழிசல்கள். 20 மில்லிலீற்றருக்குக் குறைந்த அந்தச் சின்னப் பக்கெட்டுகளுக்கு 2021 மார்ச் 31இலிருந்து தடை என்றார்கள். எங்கள் பசளையில் அவை இன்னும் வருகின்றன. சிறுபிள்ளைகள் மண் அளைகிற வீட்டில் கண்ணாடி வரவே கூடாது. நான் வீட்டில் மணல் அரிக்கிற அரிதட்டில் இன்னொருமுறை அரித்துத்தான் போடுகிறேன். கொஞ்சம் மாட்டெருவும் கலந்தால் இன்னும் நல்லது. புதிதாக வாங்கிய பை கைக்குச் சூடாக இருந்தால் நாற்றுக்குப் போடாதீர்கள், நிழலில் பரவி ஆறவிடுங்கள்.

பொலித்தீன் விஷயத்தில் சபைக்கு அதிகம் வேலையில்லை, சட்டம் மேலேயிருந்து வந்தது. சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை. கடைகளில் ஷொப்பிங் பேக்கைச் சும்மா கொடுக்கக்கூடாது என்பது 2025 நவம்பர் 1இலிருந்து. நான் வாழையிலைக்கு மாறினேன். இலைக்குச் செலவு கூட, ஆனால் சூட்டுச் சோறு இலையில் விழும்போது வரும் மணத்துக்கே வாடிக்கையாளர் கூடினார்கள். சபை பரிசோதனைக்கு வரும்போது எல்லாக் கடைக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் போதும்.

சோலார் தெருவிளக்குதான் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது. ஏதோ திட்டத்தில் வந்த விளக்குகள். ஒவ்வொரு கம்பத்திலும் தனிப் பெனல், தனிப் பட்டரி. போட்ட புதிதில் வாவிக்கரை ஒழுங்கை நிலாப்போல இருந்தது. பெண்பிள்ளைகள் மாலை வகுப்பு முடிந்து பயமில்லாமல் வந்தார்கள், நானும் விடியக்காலையில் டோர்ச் இல்லாமல் நடந்தேன். மறுகா ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கின. மாரியில் வெயில் இல்லாமல் பட்டரி நிறையவில்லை, கடல் உப்புக் காற்று இணைப்புகளைத் தின்றது, பெனலில் காக்கை எச்சம். பட்டரிக்கு ஆயுள் உண்டு என்பது போடும்போதே தெரிந்த விஷயம். மாற்றுவதற்கு யார் காசு?

கேட்டுப் பார்த்தேன். வாய்ப் பதில் திருப்தி தராததால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்டேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். சபையும் காலத்துக்குள் பதில் தந்தது, அதைப் பாராட்டுகிறேன். விளக்குகள் திட்டத்தில் கிடைத்தவை, பட்டரி மாற்றச் சபையின் வரவு செலவில் தனி ஒதுக்கீடு இல்லை என்று அதில் இருந்தது. ஒதுக்கீடு இல்லாமல் அத்தனை கம்பங்களை ஏன் பாரமெடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. இதே சபை, மின்சார சபைக் கம்பங்களில் போட்ட எல்ஈடி விளக்குகள் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் எரிகின்றன, பழுதானால் ஒரு கிழமைக்குள் திருத்துகிறார்கள். பெரிய றோட்டுக்கு எல்ஈடியே போதும். அதில் மிச்சமாகும் மின்சாரமும் சூழலுக்கு நல்லதுதான்.

அதற்காகச் சோலார் விளக்கே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து ஊர் முழுக்கக் கரண்ட் போன இரவில், எரிந்தது அந்தப் பட்டரி விளக்குகளில் உயிரோடு இருந்த சிலதுதான். பாடசாலைக்கு இடம்பெயர்ந்து போனவர்கள் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள். என் அம்மா 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவ. அன்று இருட்டில் யார் எங்கே என்று தெரியாமல் கூப்பிட்ட குரல்களை இன்னும் சொல்லுவா. ஆகவே பாடசாலை வாசல், வைத்தியசாலைச் சந்தி, வாவிக்கரைத் தோணித்துறை, இந்த இடங்களில் சோலார் விளக்கு இருக்கட்டும், நல்ல பட்டரியோடு இருக்கட்டும். அத்தனை கம்பத்தையும் பராமரிக்க முடியாவிட்டால், இந்தச் சிலதையாவது மாரிக்கு முன் பார்த்து வையுங்கள்.

கடைசியாகச் சபைக் கட்டடத்துக் கூரைப் பெனல்கள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது. இந்தப் பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை. வாவிக்கு அக்கரையில் வவுணதீவில் 10 மெகாவாட் சூரிய மின்நிலையமே நிற்கிறது. கிலோவாட் ஒன்றுக்கு நாளுக்கு 4 யூனிட் அளவில் வந்தாலே சபையின் பகல் பாவனையில் நல்ல பங்கு கழியும். 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியதைக் குசினியில் நின்று அனுபவித்த எனக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் புயல் நாட்களில் சனம் போனையும் வயர்களையும் தூக்கிக்கொண்டு சபைக்குப் போய், வெறுங்கையோடு திரும்பியது. பெனலில் வெயில் விழுகிறது, உள்ளே கரண்ட் இல்லை. இந்த வகைச் சோலார், மின்சார சபையின் லைன் உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும். லைன் செத்தால் இன்வேட்டரும் தானாக நின்றுவிடும். லைனைத் திருத்தக் கம்பத்தில் ஏறுகிறவருக்கு மின் தாக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில் நேரத்தில் நாடு முழுக்கக் கரண்ட் போனபோதும், பட்டரி இல்லாத சோலார் வீடுகள் மற்ற வீடுகளைப் போலவே இருந்தன. அதே வருடம் சித்திரை விடுமுறையில், பாவனை குறைவு, பகலில் 3 மணிவரை கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டதும் நினைவிருக்கும். பகலில் மிஞ்சுகிற அந்த வெயிலைச் சபை ஒரு பட்டரியில் சேர்த்து வைத்தால், அனர்த்த நாளில் போன் சார்ஜ் பண்ணவும், ஒலிபெருக்கி பேசவும், இன்சுலின் வைக்க ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி ஓடவும் போதும்.

இதை எங்கள் வட்டார உறுப்பினரிடம் நேரில் சொன்னேன். "அக்கா, எழுத்தில தாங்க, வரவு செலவுக் கூட்டத்தில நான் பேசுறன்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்: சபைக் கூரைக்கு ஒரு பட்டரி, பாடசாலைப் பக்க விளக்குகளுக்கு மாற்றுப் பட்டரி, குப்பைப் பிள்ளைகளுக்குக் கையுறை, ஒழுங்கைகளுக்கு ஒரு தள்ளுவண்டி. ஒழுங்கையில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், மாமியும் போட்டா.

பசளை வாங்க விரும்புகிறவர்களுக்கு: சபை அலுவலகத்தில் காசைக் கட்டி ரசீது எடுத்துக்கொண்டு, பசளை போடும் இடத்துக்குப் போக வேண்டும். முற்பகலில் போங்கள், மத்தியானத்துக்குப் பிறகு ஆள் இருப்பது நிச்சயமில்லை. சொந்தச் சாக்குக் கொண்டுபோனால் பைக்காசு கழிப்பார்கள். மழை தொடங்குமுன் எடுத்து வைத்தால் நல்லது, ஈரப் பசளை நிறையில் கூடும், அதே காசுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும்.