ஹீட்டர் போகவில்லை, 6,800 ரூபாய்தான் போனது: டிரையர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டில் டிரையர் வைத்திருப்பவர்கள் அடுத்த மழைக்கு முன் இதைப் படித்துவிடுங்கள். செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் பக்கத்தில் சுற்றும் தொட்டியை நான் சொல்லவில்லை. சூடான காற்றால் துணியை உலர்த்தும் தனி மெஷினைச் சொல்கிறேன். கம்பெனி ஆள் என்று சொல்லி வந்த ஒருவர் எங்களிடம் 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, சாதாரணமாகக் கழுவினால் தீர்ந்திருக்கக்கூடிய கோளாறைத் தீப்பிடிக்கும் அளவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு டிரையர் ஆடம்பரம் இல்லை. மாமனார் படுத்த படுக்கையாக இருக்கிறார். விரிப்பும் லுங்கியும் தினமும் துவைத்தாக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இங்கே கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அந்த வாரம் வீடு முழுக்கக் கொடி கட்டியும் ஒரு துண்டு காயவில்லை. அதன் பிறகுதான் வாங்கினோம். பின்பக்கக் குழாய் வழியாகச் சூடான காற்றை வெளியே தள்ளும் வகை.

போன ஐப்பசியில் மெஷின் மந்தமானது. வழக்கமான நேரம் ஓடி நின்ற பிறகும் துணி சூடாக, ஆனால் ஈரமாக வந்தது. இந்த ‘சூடாக, ஆனால் ஈரமாக’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. கணவர் இணையத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடி, முதலில் வந்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தார். கம்பெனி சின்னம் இருந்தது; பேசிய பெண் புகார் எண்கூடக் கொடுத்தார். மறுநாள் தோளில் ஒரு பையுடன் ஆள் வந்தார்.

வந்தவர் கதவின் வாயில் செருகியிருக்கும் பஞ்சு ஃபில்டரை, அதாவது துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கும் வலையை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “பாருங்கள் அம்மா, அடைப்பே இல்லை. ஹீட்டர் போய்விட்டது.” உண்மைதான், வலையில் ஒரு பிசிறு இல்லை. ஒவ்வொரு முறையும் துணியை எடுத்ததும் அதில் படிந்திருக்கும் சாம்பல் நிறப் பஞ்சை அத்தை அப்படியே பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி எடுத்துவிடுவார். ஆனால் ஃபில்டரையும் மாற்ற வேண்டும் என்றார். அடைப்பில்லாத ஃபில்டரை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டதற்கு, “ஹீட்டரும் ஃபில்டரும் ஜோடி, சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்” என்றார். அப்படி ஒரு ஜோடி எந்த டிரையரிலும் கிடையாது.

நான் மாமனாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வருவதற்குள் வேலையை முடித்துவிட்டார். ஹீட்டர் 4,200, ஃபில்டர் 1,400, சர்வீஸ் 1,200. கார்பன் தாளில் எழுதிய ரசீது. ஜிஎஸ்டி எண் இல்லை. பழைய ஹீட்டரைக் கம்பெனியில் ஒப்படைக்க வேண்டும் என்று ஏதோ ஒரு பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பழைய ஃபில்டரையும் எடுக்கப் போனபோது அத்தை, “அது எங்கள் காசில் வாங்கியது தம்பி, இங்கேயே இருக்கட்டும்” என்று பிடுங்கி வைத்துக்கொண்டார். அந்தக் கைதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

அன்று துணி அருமையாகக் காய்ந்தது, அதுவும் முன்பைவிட வேகமாக. இதில்தான் சூழ்ச்சி. சில நாட்களில் உலர்ந்த துணி மேலெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. பிறகு ஒரு மாலை, நூல் கருகும் வாடை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கடற்கரைப் பக்கத்து விருந்தினர் இல்லங்களின் சலவை மெஷின்களைப் பார்க்கும் லாஸ்பேட்டைப் பெரியவர் ஒருவரை அழைத்தோம்.

அவர் பின்தகட்டைக் கழற்றி, பேசாமல் டார்ச்சை மட்டும் என் கையில் கொடுத்தார். காற்றாடிப் பெட்டிக்குள் கைப்பிடி கைப்பிடியாகப் பஞ்சு. ஹீட்டர் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பஞ்சு பழுப்பேறிக் கருகத் தொடங்கியிருந்தது. அந்தப் பெட்டியின் திருகாணிகள் மேல் தொழிற்சாலையில் வைத்த சிவப்பு மைப் பொட்டு அப்படியே கலையாமல் இருந்தது. திருகாணியைத் தொடாமல் எப்படி ஹீட்டரை மாற்ற முடியும்? மாற்றவே இல்லை. ‘புது’ ஃபில்டர் வேறு மாடலுடையது. ஒரு விரல் அகலம் குட்டை. இடைவெளியை ஸ்பாஞ்சு வைத்து அடைத்திருந்தார். அது சூட்டில் சுருங்கி விழுந்திருந்தது. வலையைச் சுற்றிக்கொண்டு காற்று தாராளமாகப் போனதால்தான் துணி சீக்கிரம் காய்ந்தது. கூடவே பஞ்சும் உள்ளே போனது.

உண்மையான கோளாறு என்னவென்று அடுத்துக் காட்டினார். அத்தை பிடுங்கி வைத்த ஃபில்டரைக் குழாயடியில் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றினார். வலை என்றால் தண்ணீர் ஒழுக வேண்டும் அல்லவா? தட்டில் நிற்பதுபோல் நின்றது. பாரிசிலிருந்து நாத்தனார் வரும்போதெல்லாம் கொண்டுவரும் வாசனைத் தாள்களைத் துணியோடு போட்டு ஓட்டுவோம். அவற்றின் மெழுகுப் பூச்சு சூட்டில் உருகி வலைக் கண்களை மூடிவிடுகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் தெரியாது. காற்றோட்டம் குறைந்தால் ஈரம் வெளியேறாது. உள்ளே சூடு ஏறும். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அடிக்கடி நிறுத்தும். அதனால்தான் துணி சூடாகவும் ஈரமாகவும் வருகிறது. ஹீட்டர் உண்மையிலேயே போயிருந்தால் துணி சில்லென்று வரும். இதை அறியாதவர் டிரையர் சர்வீஸுக்கு வர முடியாது, அறிந்தேதான் ஏமாற்றினார்.

சூடான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ். மென்மையாகத் தேய்த்து, நன்றாகக் காயவைத்துச் செருகினார். மெஷின் பழையபடி ஓடுகிறது. உள்ளே இருந்த பஞ்சையும் குழாயையும் சுத்தம் செய்ததற்குச் சேர்த்து அவர் வாங்கியது 700 ரூபாய். இப்போது மாதம் ஒரு முறை இப்படிக் கழுவுகிறோம். வாசனைத் தாள்களை நிறுத்திவிட்டோம். குழாய் இல்லாமல் தண்ணீர்த் தொட்டியோடு வரும் வகை வைத்திருப்பவர்கள், கதவு ஃபில்டரோடு, ஈரக் காற்றைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கன்டென்சர் பகுதியிலும் பஞ்சு சேரும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டரை மாற்ற வேண்டிய நேரமும் வரும்: வலை கிழிந்தால், சட்டம் வளைந்தால், செருகினால் ஆடினால். அப்போதும் கதவின் உள்விளிம்பு ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதை வாங்கவே கூடாது. கொசுவலையை வெட்டி ஒட்டினால் போதும் என்று சொன்ன கடைக்காரரும் உண்டு. அவரை நான் திட்டாமல் வந்தது பெரிய விஷயம். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்கில் அங்கே வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள். முதல் காரணம் சுத்தம் செய்யாமை. பஞ்சு அவ்வளவு வேகமாகப் பற்றிக்கொள்ளும் பொருள்.

இணையத்தில் கிடைத்த அந்த எண்ணுக்கு மறுபடி அழைத்தபோது முதலில் பூசி மெழுகினார்கள், பிறகு எடுக்கவே இல்லை. கையேட்டில் அச்சிட்ட எண்ணில் கம்பெனியைக் கேட்டோம். எங்கள் பெயரில் புகாரும் இல்லை, அந்தப் புகார் எண்ணும் அவர்களுடையது இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறோம். பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். அதற்கும் ரசீது, குட்டை ஃபில்டர், மைப் பொட்டின் படம் எல்லாம் தயாராக இருக்கின்றன. இதே கார்பன் தாள் ரசீது உங்கள் வீட்டிலும் இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.